துருப் பூசிய புதுத் தகரம்

எங்கள் சங்கத்தில் சமூக சேவை மணி அடித்துத்தான் ஆரம்பமாகும். மணியைத் தலைவர் அடிப்பார். அதற்குப் பிறகு வருகிறவர் பைன் கட்ட வேண்டும். கூட்டத்தில் போன் அடித்தால் பைன். சங்கத்தின் சின்னத்தைச் சட்டையில் குத்த மறந்தால் பைன். பிறந்தநாளை மறைத்தால் பைன், மறைக்காவிட்டால் கேக் வாங்க வேண்டும். இந்தப் பைன்களை அறவிட ஓர் உண்டியலும் அதைத் தூக்கிக்கொண்டு திரிய ஒரு புடைவைக்கடை முதலாளியும் இருக்கிறார்கள். தன் கடையில் யாருக்கும் விலை குறைத்துக் கொடுக்காதவர் என்று கண்டி முழுக்கப் பெயரெடுத்த மனிதர், எங்களிடம் சிரித்துச் சிரித்தே பறித்துவிடுவார். பிறகு வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஹோட்டல் மண்டபத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஏழைகளைப் பற்றி மிகுந்த கவலையோடு பேசுவோம். கவலை முடிந்ததும் ஐஸ்கிரீம் வரும்.

இந்தச் சங்கத்தின் ஆக இளைய உறுப்பினர் நான். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பட்டமும் வாங்கி, கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம் பார்க்கிறவள். இதைச் சொல்வதில் எனக்கு அடக்கம் கிடையாது. அடக்கமாக இருக்கக்கூடிய அளவுக்கு இது சுலபமாகக் கிடைக்கவில்லை.

சங்கத்தில் சேரச் சொன்னவர் என் முகாமையாளர். பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும் என்றார். எனக்குத் தேவைப்பட்டது பெரிய மனிதர்கள் அல்ல, ஒரு கூரை.

தோட்டத்தில் தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா என்போம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் கூரையில் ஒரு பக்கத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. தோட்ட நிர்வாகத்திடம் சொன்னோம். பார்ப்போம் என்றார்கள். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மழை பெய்தால் உள்ளே குழந்தைகளைக் கிடத்த முடியாது, ஆகவே மழை நாட்களில் பூட்டிவிடுவார்கள். என் அக்காவுக்குக் கைக்குழந்தை. அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அம்மாவும் கொழுந்துக்குப் போகிறவள். காம்பரா பூட்டினால் அக்கா வீட்டில் நிற்க வேண்டும். வீட்டில் நின்றால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. கண்டியில் மழை இருட்டினால் நான் அக்காவுக்குப் போன் எடுப்பேன். கொழுந்துக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவள், முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

"வீட்டுலதான்டி இருக்கேன். வேற எங்க போறது?"

அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கூரையைப் பற்றிப் பேசினேன். எங்கள் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். கவனமாகக் கேட்டார்.

"நல்ல திட்டம் பிள்ளை. கட்டாயம் செய்வம். அதுக்கு முதல் ஒரு நிகழ்ச்சி வைக்க வேணும்."

"ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே தகரம் வாங்கிடலாம் சேர்."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போல எல்லாரும் குனிந்து ஐஸ்கிரீமைப் பார்த்தார்கள்.

"அது பிச்சை போடுற மாதிரியெல்லோ?" என்றார் தலைவர். "சும்மா கேட்டால் ஆர் தருவினம்? சனம் வந்து, சாப்பிட்டு, சந்தோசமாக் குடுக்க வேணும்."

அப்படிப் பிறந்ததுதான் 'தோட்டத்து இரவு'. அம்பிட்டியப் பக்கத்தில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டலில் இராச்சாப்பாடு. வருகிறவர்கள் எல்லாரும் தோட்டத் தொழிலாளர் உடையில் வரவேண்டும். அப்படி வராதவர்களுக்குப் பைன். இந்த யோசனையைச் சொன்னவரைப் பாராட்டி எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கூரைக்காகத் தட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மையான சாமான்கள் கொண்டுவரும் பொறுப்பு இயல்பாகவே என் தலையில் விழுந்தது. அக்காவிடம் கேட்டேன். தலையில் போடும் கொங்காணி, இடுப்பில் சுற்றும் படங்கு, கொழுந்து போடும் சாக்கு மூன்றும் தருவதாகச் சொன்னாள். தலைவருக்கு ஏமாற்றம்.

"சாக்கோ? கூடை இல்லையோ?"

"இப்ப எங்க தோட்டத்துல யாரும் கூடை தூக்குறதில்ல சேர். சாக்குதான்."

"படத்திலயெல்லாம் கூடைதானே இருக்கு?"

படத்தை மறுத்துப் பேச நான் யார்? கடைசியில் நகரத்தில் ஊத்தை உடுப்புப் போடுகிற பிரம்புக்கூடைகளை வாங்கி, அவற்றுக்குக் கயிறு கட்டினார்கள். தோட்டத்துப் பெண்கள் முதுகில் ஊத்தை உடுப்போடு மலையேறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மேடைக்கு ஒரு லயம் வேண்டும் என்றார்கள். மட்டையில் சுவர் செய்தார்கள், கதவு செய்தார்கள். கூரைக்கு மட்டை சரிவரவில்லை. தலைவர் பொறியியலாளர் அல்லவா? கூரை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். உண்மையான தகரமே வாங்கச் சொன்னார். புதுத்தகரம் வந்தது, பளபளத்தது. லயத்துக்குப் பளபளப்புப் பொருந்தாதே! ஒரு பெயின்டரைக் கூட்டிவந்து, தகரம் முழுக்கத் துரு வரையச் சொன்னார்கள். அவன் நல்ல கலைஞன். ஆணி அடித்த இடத்திலிருந்து துரு வழிந்து இறங்குவதைக்கூட விடாமல் வரைந்திருந்தான்.

நிகழ்ச்சி அன்று அக்கா சாமான்களோடு தானே பஸ் ஏறி வந்தாள். அடுத்த நாள் வேலைக்குத் தேவைப்படும் என்பதால் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றாள். உண்மைக் காரணம் ஹோட்டலைப் பார்ப்பது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புச் சேலையில் வந்து இறங்கினாள். கண்டிக்கு, அதுவும் ஹோட்டலுக்கு, யாராவது படங்கு கட்டிக்கொண்டு வருவார்களா?

மண்டபத்தில் படங்கு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். டாக்டர்கள், சட்டத்தரணிகள், வங்கி முகாமையாளர்களின் மனைவிமார் எல்லாரும் கூடையும் கொங்காணியுமாக, குதியுயர்ந்த செருப்போடு நின்றார்கள். கணவன்மார் சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாய் போட்டிருந்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்ற மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. ரொட்டியும் சம்பலும் வெள்ளிப் பாத்திரத்தில் இருந்தன. பிளேன்டீயைக் கையுறை போட்ட வெயிட்டர் ஊற்றினார்.

நான் வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏன்டி, அது புதுத் தகரம்டி. எதுக்குத் துரு அடிச்சு வெச்சிருக்காங்க?"

"பழசு மாதிரித் தெரியணுமாம்."

"நம்மகிட்டக் கேட்டிருந்தா பழசையே குடுத்திருப்போமே. புதுச அங்க போட்டிருக்கலாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து உண்டியல் குலுங்கும் சத்தம் கேட்டது. புடைவைக்கடை முதலாளி அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், பட்டுச் சேலையா? தோட்டத்து உடுப்பு எங்க? பைன் போடுங்க, பைன்!"

"நான் தோட்டத்துலேருந்துதாங்க வர்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தா நிக்கிறாங்களே டாக்டரம்மா, அவங்களும் தோட்டத்துலேருந்துதான் வந்திருக்காங்க. போடுங்க மேடம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பர்ஸைத் திறந்து ஒரு தாளை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டாள். தன்னை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டது அவளுக்கு அந்தக் காசுக்குத் தகுந்த சந்தோஷத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவங்க என் அக்கா," என்றேன், மேசைகளுக்கெல்லாம் கேட்கும்படி. "நிஜமாவே கொழுந்தெடுக்கிறவங்க. இந்த மண்டபத்துல அவங்க ஓராள்தான்."

முதலாளியின் முகம் சுருங்கிப்போனது. பாவம், கையை உண்டியலுக்குள் விடவும் பார்த்தார். அது பூட்டியிருந்தது. சாவி பொருளாளரிடம். உள்ளே விழுந்ததை வெளியே எடுக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆக, தோட்டத் தொழிலாளி போல உடுத்தாத குற்றத்துக்காகத் தோட்டத் தொழிலாளி கட்டிய பைன், தோட்டத் தொழிலாளர் நலனுக்காகப் பத்திரமாக உள்ளேயே இருந்தது.

தலைவர் ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அட, ஒறிஜினல் ஆளே வந்திருக்கிறா! எனக்கு ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? வாங்கோ, வாங்கோ. உடைப் போட்டிக்கு நீங்கள்தான் நடுவர்."

அக்காவை நான் தடுத்தேன். கையை உதறிவிட்டுப் போனாள். பெண்கள் வரிசையாக மேடையில் நின்றார்கள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போய்த் தலைவரின் மனைவியின் முன்னால் நின்றாள்.

"இந்த அம்மாவுக்குக் குடுங்க."

"ஏன் எண்டு சொல்லுங்கோவன்," தலைவர் மைக்கை நீட்டினார். மனைவி என்பதால் அவருக்கு உள்ளூரப் பெருமை.

"இவங்கதான் நிஜமாவே களைச்சுப் போயிருக்காங்க. எப்ப உக்காரச் சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. மத்தியானத்துல நாங்களும் அப்படித்தான் நிப்போம்."

மண்டபமே கைதட்டியது. தலைவரின் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "அது உண்மை பிள்ளை," என்று பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். அந்த இரவில் அங்கே பேசப்பட்ட ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் பொருளாளர் எழுந்து நிகழ்ச்சி மாபெரும் வெற்றி என்றார். மண்டபம், சாப்பாடு, பாட்டுக் கோஷ்டி, கூடைகள், பரிசுக் கேடயம், துரு வரைந்த கூலி எல்லாம் போக மிஞ்சியது சங்கத்தின் பெயர்ப்பலகை ஒன்று செய்ய மட்டும்தான் காணும் என்றார்.

"அப்ப முதல் பலகையைச் செய்வம்," என்றார் தலைவர். "கூரையை வாற வருசம் பாப்பம்."

"பலகையை எங்க சேர் மாட்டுறது? கூரையே இல்லையே."

"அதுவும் ஒரு பிரச்சினைதான். அந்த இடம் றோட்டில இருந்து தெரியாதெண்டு வேற சொல்லுகினம். ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில செய்து என்ன பிரயோசனம்? பஸ் நிலையம் ஒண்டு எண்டால் பரவாயில்லை."

அதைக் கேட்டபோது எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. எழுந்து போயிருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும். அக்காவுக்கு மழை நாளில் பேர் விழாமலேயே இருந்திருக்கும். படித்த படிப்பை எதற்காவது பயன்படுத்த வேண்டாமா? எழுந்து நின்று, என்னிடமிருந்த ஆக மரியாதையான குரலில் பேசினேன்.

"கீழ் றோட்டில இருந்துதான் தெரியாது சேர். மேல் றோட்டு வளைவுல இருந்து பாத்தா எங்க தோட்டத்துல கூரைங்க மட்டும்தான் தெரியும். மேடைக்கு வாங்கின தகரம் நம்ம ஸ்டோர்ல சும்மாதானே கிடக்கு? அதைப் போட்டு, துருவுக்கு மேல நம்ம சங்கத்துச் சின்னத்தைப் பெரிசா வரைஞ்சா, பலகைக் காசு பெயின்டுக்குக் காணும். கம்பளை பஸ்ல போற வர்ற எல்லாரும் பாப்பாங்க."

தலைவர் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு கூரை கீறினார்.

"மேல இருந்து முழுசாத் தெரியுமோ?"

"மழை பெஞ்சா இன்னும் பளிச்சுனு தெரியும் சேர்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஏழைகளின் துயரம் எங்கள் உறுப்பினர்களை இவ்வளவு வேகமாக உருக்கியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சங்கத்தின் பெயரைக் கேட்டதும், அதுவரை பார்த்துக்கொண்டேயிருந்த தோட்ட நிர்வாகமும் பார்ப்பதை நிறுத்திவிட்டு மரச்சட்டங்களைக் கொடுத்தது. லயத்து ஆண்கள் ஏறித் தகரத்தை அடித்தார்கள். அதே பெயின்டர் வந்து, தான் வரைந்த துருவின் மேல் சின்னத்தை வரைந்தான். ஓரங்களில் துருவை அப்படியே விட்டுவிட்டான். தன் வேலையை அழிக்க மனம் வரவில்லை போலும்.

திறப்பு விழாவை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். உறுப்பினர்களுக்கு அன்றுதான் வசதி. தோட்டத்துக்கும் அன்று லீவு என்பதால் பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளையும் இருக்காது. படத்துக்குப் பிள்ளைகள் வேண்டுமே என்று, ஓய்வாக வீட்டிலிருந்த தாய்மாரைக் குழந்தைகளோடு கூப்பிட்டு உட்காரவைத்தோம். தலைவர் ரிப்பன் வெட்டுவதற்கு முன் என்னை ஓரமாக அழைத்தார்.

"அக்காவைக் கொஞ்சம் அந்தக் கொழுந்தெடுக்கிற உடுப்பில வரச் சொல்லுமன். படத்துக்கு வடிவா இருக்கும்."

அக்கா அதே சிவப்புச் சேலையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அதுக்குத்தான் அன்னைக்கே பைன் கட்டிட்டேனே சேர். அது இன்னைக்குச் செல்லாதா?"

முதலில் சிரித்தவர் புடைவைக்கடை முதலாளி. "செல்லும் மேடம், தாராளமாச் செல்லும்!" என்றார். படத்தில் அக்கா சிவப்புச் சேலையில் நடுவில் நிற்கிறாள். தலைவர் ஒரு பக்கத்தில், சின்னம் குத்திய சட்டையோடு, வாயைத் திறந்தபடி இருக்கிறார். சங்கத்தின் சஞ்சிகையில் அந்தப் படத்தைப் போடாமல், மேல் வளைவிலிருந்து எடுத்த கூரையின் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியாது.

மறுநாள் பத்து மணி போலக் கண்டியில் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் கம்பனிக் கந்தோர் ஜன்னலில் மழை அறைந்தது. நான் வழக்கம்போல அக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அது தானாக நின்றுபோகும்வரை காதில் வைத்துக் கேட்டேன். பிறகு இன்னொரு தடவை எடுத்தேன். அக்கா எடுக்கவில்லை.