மாப்பிள்ளைக்குப் பார்க்க மட்டும் அனுமதி

போன ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு போன்.

"சார், செங்கல்பட்டு ஸ்டேஷன்ல நிக்கிறோம். பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வரணும்னு திருவிடந்தை கோயிலுக்குப் போறோம். புக் பண்ண வேன் எங்க சார்?"

வேன், இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடப்பாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரே வேன்... இரண்டு புக்கிங்!

என் தொழிலில் நடக்காத அசிங்கம் இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கிளீனராக ஏறியவன், இன்று பதினான்கு வேனுக்கு முதலாளி. சும்மா வந்ததா? சொந்தமாக புக்கிங் சாஃப்ட்வேர் வைத்து வேன் விடுகிறவன் இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறான், சொல்லுங்கள்!

அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்கள் என் மகன் முரளியும் மாப்பிள்ளை தேவாவும். ஆளுக்குப் பாதி. முரளி படூர் அபார்ட்மென்ட்டில். தேவா, என் மகளோடு கடப்பாக்கத்தில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே ஃபைலில், இன்டர்நெட் வழியாக எழுத ஒரு டூல் வேண்டும் என்றார்கள்.

எது நல்லது? படித்த இரண்டு பேர் ஒரு மாதமாகக் குழம்பினார்கள். நான் அரை மணி நேரத்தில் முடித்தேன்.

ஒரு டூல் பிரவுசரிலேயே ஓடும். எல்லோருக்கும் சம உரிமை. தேவாவுக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்றில் எல்லாம் முரளியின் கம்ப்யூட்டரில் இருக்கும். அவன் ஹோஸ்ட், வருகிறவர் கெஸ்ட். கெஸ்ட் எழுதலாமா, பார்க்க மட்டும் செய்யலாமா என்பதை ஹோஸ்ட் முடிவு செய்யலாம்.

"நம்ம சரக்கு நம்ம வூட்லயே இருக்கட்டும்" என்று இரண்டாவதைக் கை காட்டினேன்.

தேவா சிரித்தார். "அப்ப நான் எப்பவும் கெஸ்ட்தானா மாமா?"

"மாப்ளன்னா விருந்தாளிதான!" நானும் சிரித்தேன். அன்றைக்கு அது ஜோக்.

இரண்டு வாரம் கழித்து முரளியின் ஸ்க்ரீனைப் பார்த்தேன். நீலக் கர்சர் முரளி, சிவப்பு தேவா. நீலம் எழுத எழுத, சிவப்பு அழிக்கிறது!

"இன்னாடா இது, வெளாடிகினு கீறீங்களா?"

"நான் எது எழுதினாலும் தப்புன்றாரு நைனா. பேஜாரு!"

ஒரு ஸ்டீயரிங்குக்கு இரண்டு டிரைவரா? "அவருக்குப் பாக்க மட்டும் வுடு" என்றேன். முரளி ஒரு கிளிக் செய்தான். சிவப்பு அடங்கியது. பிரச்னை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

அந்த ஞாயிறு, போன் வந்ததும் நானே காரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடினேன். திருவிடந்தை போய்ச் சேரும்போது நடை சாத்திவிட்டார்கள். அந்தப் பெண், பூட்டிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முரளி தேடிக் கண்டுபிடித்தான். கொடுத்த வேனை இன்னொருவருக்குக் கொடுக்காமல் தடுக்கிற வரிகளை, முந்தின நாள் சனிக்கிழமை அவனே தெரியாமல் அழித்திருக்கிறான். அப்போது தேவாவும் அதே ஃபைலுக்குள் இருந்திருக்கிறார்.

போன் போட்டேன்.

"மாப்ள, முரளி அத்த அழிச்சப்ப பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா."

"தப்புன்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது. நான் எழுதின வரிதான் அது."

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"



"பாக்கறதுக்குத்தான வுட்டீங்க மாமா... பாத்துகினு இருந்தேன்."

கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் ஒருவர் கையில் இருந்த ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டு, ஏன் பிரேக் போடவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

அன்றே டூலை மாற்றச் சொன்னேன். தேவா கேட்ட அதே டூல், சம உரிமை. பதினான்கு வேன் முதலாளி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவை மாற்றிக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் வரும் மகள், இந்த வாரம் போன் மட்டும் செய்தாள்.

"அவருக்கு வேற வேல கீது நைனா. நாங்க வரல."

முரளியின் ஸ்க்ரீனில் நீலம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

அழைப்பு அனுப்பியாகிவிட்டது... சிவப்பு இன்னும் வரவில்லை.