அண்ணன் திருப்பிக் கொடுத்த தாள்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அண்ணி என்னைத்தான் எழுதச் சொன்னார். "லூத்தரன் சபைக்காரி எழுதினால் பங்கு மக்கள் என்ன சொல்வார்கள் அண்ணி?" என்று தயங்கினேன். "உங்கண்ணனப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்? எழுது லா" என்றார்.

ராமநாதபுரம் சீமையில், ஓரியூருக்கு அருகே பிறந்த அண்ணன், சிறு வயதில் பெற்றோருடன் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். அம்மா முதலில் காலமானார். அப்பாவும் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அண்ணன் படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தார். எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். கோணல்மாணலாகத்தான் பின்னுவார், பள்ளியில் சிரிப்பார்கள். தேக்கா பக்கம் இருந்த எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு முதல் பூசைக்கு அவர் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மழையாவது, காய்ச்சலாவது!

எழுபதுகளின் தொடக்கத்தில், உடன் வேலை பார்த்த லூத்தரன் சபைக்காரர் ஒருவரை நான் விரும்பினேன். கல்யாணம் அவர்கள் கோவிலில் என்று முடிவானது. அண்ணன் அன்றிருந்த சாமியாரிடம் போய்க் கேட்டார். திருச்சபைக்கு வெளியே நடக்கும் கல்யாணம், போகக் கூடாது என்று பதில் வந்தது. அப்பா இல்லாத பெண்ணைப் பீடம்வரை கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர் அண்ணன்தானே?

"என்னால முடியாது பாப்பா. மாதாவே வேணாம்னு பிரிஞ்சு போனவங்க கோவில்ல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு மாமாவோடுதான் உள்ளே போனேன். ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் மாமாவின் கை. வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட முடியவில்லை.

குழந்தை பிறந்ததும் அண்ணன் வந்தார். பிறகு மாதந்தோறும் கிளமெண்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு மீனும் பழமும் வாங்கிக்கொண்டு வருவார். கல்யாணப் பேச்சை மட்டும் நாங்கள் இருவரும் எடுத்ததில்லை.

எண்பதுகளில் காலம் மாறியது. புதிதாக வந்த பங்குச்சாமியாரும் லூத்தரன் போதகரும் சேர்ந்து ஒப்புரவு வழிபாடு ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். நூற்றாண்டுகளுக்கு முந்திய பிளவுக்காக இரு சபைகளும் ஒன்றிடமொன்று மன்னிப்புக் கேட்கும் செபத்தை, சபைக்கு ஒருவராக இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டும். "அண்ணன் தங்கச்சியே வாசிச்சா எவ்வளவு பொருத்தம்!" என்று சாமியார் எங்கள் பெயரைப் போட்டுவிட்டார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றேன். அண்ணனோ அன்று காலையே செபத்தாளைச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான் தனியாக வாசித்தேன்.

நேரே அண்ணனின் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ரெண்டாவது தடவையும் என்னைத் தனியா நிக்க வச்சிட்டீங்கல்ல அண்ணே?"

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சாமியாருங்க கை குடுத்துக்கிட்டாங்க, சந்தோஷம். போகாதேன்னதும் அவங்கதான், இப்ப வான்னு கூப்பிடுறதும் அவங்கதான். அப்ப நான் உன் கல்யாணத்துக்கு வராம வீட்ல உக்காந்து அழுதது எதுக்கு பாப்பா? நான் பண்ணது தப்பா?"

அவர் அழுதார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருந்தும், அத்தனை ஆண்டுக் கசப்பும் என் வாயில் வந்து நின்றது. "அதை உங்க சாமியார்கிட்டயே போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிவிட்டேன். பாவி நான்.

மூன்றாம் வாரம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நினைவும் போய்விட்டன. மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண் திறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் கண் திறக்கவே இல்லை.

அண்ணனைப் பிள்ளைபோல் கவனித்த தாதியருக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த கிடங்குத் தோழர்களுக்கும், அடக்கப் பூசை வைத்த சாமியாருக்கும், அந்தப் பூசைக்கு வந்து கடைசிவரை இருந்த எங்கள் லூத்தரன் சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி மறவாது.

அண்ணே, நீங்க கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்றேன். தப்புதான். எனக்கு ரொம்ப வலிச்சது. ஆனா அன்னிக்குப் படியிறங்கும்போதே என் மனசு ஆறிடுச்சு. திரும்பி ஏறி வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். நான் வரலையே அண்ணே. அதுக்கு நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேப்பேன்?