அவன் பேசாத நாட்கள்

எங்கள் ஊர்க் கோவிலில் ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு எழுதி வாசிப்பது நான்தான். வாத்தியார் வேலையில் இருக்கும்போதே தலையில் விழுந்த பொறுப்பு. திருச்சபைக்கு ஒன்று, நாட்டை ஆள்கிறவர்களுக்கு ஒன்று, மழைக்கும் வெள்ளாமைக்கும் ஒன்று, நோயாளிகளுக்கும் இறந்தவர்களுக்கும் சேர்த்து ஒன்று. ஒவ்வொன்றையும் நான் வாசிக்க, சனம் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போன வருடம்கூட மழைக்கு மன்றாடியிருக்கிறேன். பழைய தாளையே எடுத்துப்போய் வாசித்ததுதான் காரணம். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கொரோனா அடைப்பு முடிந்து கோவில் திறக்கப்போகிற வாரம் மகள் கூப்பிட்டாள். கனடாவில் நர்ஸாக இருக்கிறாள்.

"இங்கன பக்கத்து ஊருல ஒரு கோவில் எரிஞ்சிருச்சுப்பா. இதோட எத்தனையோ கோவில் போச்சு."

யார் எரித்தார்கள் என்றேன். தெரியவில்லை என்றாள். ஆனால் ஏன் என்று எல்லோரும் பேசிக்கொள்வதைச் சொன்னாள். அந்த நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் அடைத்திருக்கிறார்கள். முடியை வெட்டியிருக்கிறார்கள். சொந்தப் பேச்சு பேசினால் அடித்திருக்கிறார்கள். அதற்கு மேலும் செய்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிகள் இருந்த இடங்களில் பெயர் எழுதாமல் பிள்ளைகளைப் புதைத்த குழிகள் இருப்பதாக இப்போது செய்தி வருகிறது.

"எரிஞ்ச கோவிலுக்கும் அந்தச் சனம்தான் அழுகுது, பிள்ளைகளுக்கும் அதுகதான் அழுகுது" என்றவள், "நீங்க படிச்ச சாமியார் போர்டிங்லயும் மலைப்பிள்ளைக இருந்துச்சுகன்னு சொல்லுவீகளேப்பா?" என்று கேட்டாள்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் என் மேசை டிராயரில் ஒரு தாள் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், என்னோடு போர்டிங்கில் இருந்த மலைப்பிள்ளைகளில் ஒருவரான பளியக்குடிக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. எனக்கு இரண்டு வயது இளையவர். மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். என்னை 'சார்' என்பார், நான் அவரை 'நீ' என்பேன். அறுபதை நெருங்குகிற இரண்டு பேருக்குள் இப்படி ஒரு மரியாதை ஓடிக்கொண்டிருப்பது எனக்கு அதுவரை உறுத்தியதில்லை.

பழைய போர்டிங் இருந்த இடத்தில் புது மண்டபம் கட்டி, அன்றைய வார்டன் சாமியார் பெயரை வைக்கப்போகிறார்கள். அதை வைக்கக்கூடாது என்று ஆயருக்கு அவர் எழுதிய மனு அது. வார்டன் தனக்கு என்ன செய்தார் என்பதை நான்கே வரியில் எழுதியிருந்தார். அடியில் சாட்சி என்று போட்டு என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். "அப்ப நீங்கதான் போர்டிங் லீடரு. உங்களுக்குத் தெரியாததா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கையெழுத்துப் போடுவதில் எனக்குப் பயம் இருந்தது உண்மை. ஊரில் பாதிப்பேர் அந்த வார்டன் கையால் படித்தவர்கள். ஆனால் என் கையைக் கட்டிப்போட்டது அந்தப் பயம் அல்ல, மனுவின் இரண்டாவது வரி. 'நான் அடிக்கடி பேசியதால் என் பெயர் சிலேட்டில் எழுதப்பட்டு, வார்டன் அறைக்கு அனுப்பப்பட்டேன்.'

அந்தச் சிலேட்டில் எழுதியவன் நான்.

மாலைப் படிப்பு நேரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தவன் பெயரை லீடர் எழுத வேண்டும். மலைப்பிள்ளைகள் தங்கள் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னாலும் எழுத வேண்டும். அவர்கள் பேசியதும் தமிழ்தான், இழுவைதான் வேறு. ஜெபம் முடிந்ததும் சிலேட்டை வார்டனிடம் கொடுத்தால், பெயர் உள்ளவர்கள் ஒவ்வொருவராக அவர் அறைக்குப் போக வேண்டும். இதில் இன்னொரு சட்டமும் உண்டு. சிலேட்டு காலியாக வரக்கூடாது. காலியாக வந்தால் லீடர் போக வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டத்தை மற்ற பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்பது வார்டன் கட்டளை. எனக்குப் பன்னிரண்டு வயது.

இன்று மனு எழுதியவருக்கு அப்போது பத்து வயது. சேர்ந்த மறுநாளே அவன் பேச்சை நிறுத்திவிட்டான். பள்ளியில் கேள்வி கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவான். எங்கள் ஊர்ப் பையன்களும் பிரம்புக்குப் பயந்து கப்சிப் என்று இருந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான் அவன் பெயரை எழுதினேன். எங்கள் பையன்களை எழுதினால் அவர்கள் அப்பன்மார் என் அப்பாவிடம் வருவார்கள். அவனுக்காக யார் மலையிறங்கி வரப்போகிறார்கள்? கணக்காகத்தான் எழுதினேன், விளையாட்டாக அல்ல.

அடி வாங்கிய பையன்கள் கையை உதறிக்கொண்டு வெளியே வருவார்கள். அவன் உதறாமல் வருவான். சோற்றைத் தொடமாட்டான். ஒருநாள் சிலேட்டைத் திரும்ப வாங்கப் போனவன் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். அது அடி இல்லை.

அதற்குப் பிறகும் எழுதினேன். அதுதான் என்னால் மென்று விழுங்க முடியாதது. அதற்கு முன் எழுதியதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். பார்த்த பிறகு ஏன் எழுதினேன் என்றால், காலிச் சிலேட்டுக்கு என்ன தண்டனை என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒருமுறை ஓடிப்போனான். இரண்டாம் நாள் அவன் தகப்பனே திரும்பக் கூட்டிவந்து விட்டார். படிக்க வைக்கிற சாமிக்கு என்று ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்திருந்தார்.

சனிக்கிழமை எங்கள் பங்குச் சாமியார் கூப்பிட்டார். எரிந்த கோவில்களுக்காக ஒரு மன்றாட்டு சேர்க்கச் சொன்னார். எழுதினேன். கீழே, விடுதிகளில் துன்பப்பட்ட பிள்ளைகளுக்காக என்று இன்னொன்றும் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். சாமியார் சின்ன வயசு, நல்லவர். "இது வேணாம் சார், சனங்க நம்மளச் சொல்றாகன்னு குழம்பிப் போவாக" என்றார். சரி சாமி என்றேன். சரி என்று சொல்லத்தான் எனக்கு எப்போதும் சுலபமாக வரும். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "ஊரு உலகத்துக்கெல்லாம் மன்றாடுறீக. அந்த மனுசனுக்கு ஒரு பதில் சொல்ல மாட்டேங்கிறீக" என்றாள்.

மறுநாள் முகக்கவசத்தோடு இடம்விட்டு இடம்விட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில், கடைசியில் அவரைப் பார்த்தேன். எரிந்த கோவில்களுக்கான மன்றாட்டை வாசித்தேன். 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவர் கேட்காமலே, டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். கையெழுத்து இல்லாததைப் பார்த்தார். "எதுக்கு சார் அங்கன கோவிலக் கொளுத்துறாக?" என்று கேட்டார்.

மகள் சொன்னதைச் சொன்னேன். பேசியதற்காகப் பிள்ளைகளை அடித்தார்கள் என்றதும் மெதுவாகத் தலையாட்டினார்.

"எனக்கும் இந்த வாயாலதான சார் வந்துச்சு. அடக்கி வச்சிருந்தா என்னைய அங்க அனுப்பியிருக்க மாட்டாக. எம்பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்குடுத்தது அது ஒண்ணுதான். கீழ போனா வாயத் தொறக்காதீகன்னு. மூணும் ஊமை கணக்கா வளந்துச்சுக."

இப்போது பேசாமல் இருந்தால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவருக்குப் போதும். நான் யோக்கியனாகவே வீட்டுக்குப் போகலாம். மனுவில் அந்த வரி அப்படியே இருக்கும்.

"ரெண்டாவது வரி தப்பு" என்றேன். "நீங்க பேசல."

முதல் தடவையாக அவரை நீங்க என்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"பேசுனேன் சார். பேசாமயா எழுதுனீக?"

"பேசாமத்தான் எழுதுனேன். சிலேட்டு காலியா போனா என்னைய உள்ள கூப்புடுவாக. அதுக்குப் பயந்து உங்க பேர எழுதுனேன். உள்ள என்ன நடக்குதுன்னு பாத்த பிறகும் எழுதுனேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தாளை விரித்து, அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கோவிலைப் பூட்டிவிட்டு உபதேசியார் எங்களைக் கடந்து போனார். அவரும் அந்த வார்டனிடம் படித்தவர்தான். நான் குரலைத் தாழ்த்தவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

"ஒரு நாளுகூட நான் பேசலையா சார்?" என்று கேட்டார்.

பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இனி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ஒரு தடவ பேசுனீக. கொண்டாந்து விட்ட அன்னைக்கு. எங்காத்தா எப்ப வரும்னு எங்கிட்டத்தான் கேட்டீக."