மாமா குடிச்ச பித்தம்

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்துல வேலை. குடல் புற்றுநோய் செல்களைக் குப்பியில வளர்த்து, வேளா வேளைக்குத் தீனி போடணும். "பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பாக்க மாட்டா"ன்னு அவ வீட்டுக்காரர், எங்க மாமா, கிண்டல் பண்ணுவார். மாமாவுக்குக் கறிக்கடை. பித்தப்பையைக் கிழியாம எடுக்கறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஒரு சொட்டு சிந்தினாலும் ஈரல் கசந்துடுமே.

அந்த மனுஷனுக்கே குடல்ல புற்றுநோய் வந்துச்சு. "நான் வளர்த்ததுல ஒண்ணு தப்பிச்சு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குடி"ன்னு அக்கா என் தோள்ல சாஞ்சு அழுதா. மாமா முன்னாடி மட்டும் கண்ணைக் கசக்க மாட்டா.

வைத்தியம் நல்லாத்தான் போச்சு. மருந்து ஏத்த ஏத்தக் கட்டி சுருங்குதுன்னு டாக்டரே சொன்னார். ஆனா மாமாவுக்குச் சோறு இறங்கல, மனசும் விட்டுப்போச்சு. ஒரு சாயங்காலம் அக்கா வேலையிலேருந்து வந்ததும் வராததுமா, "இன்னிக்குக் குப்பியில பித்தத்துல இருக்கிற அமிலத்தை நிறைய விட்டோம். அத்தனை செல்லும் செத்துப்போச்சுங்க!"ன்னா.

நான் அங்கதான் இருந்தேன். ரொம்ப நாள் கழிச்சு மாமா முகத்துல சிரிப்பு. "அட, நான் தினம் குப்பையில போடுறதுக்கா இந்தச் சக்தி!"ன்னார்.

கொஞ்சமா விட்ட குப்பியில அதே செல்லுங்க முன்னைவிட வேகமா வளர்ந்துச்சாம். அதை அக்கா என்கிட்டதான் சொன்னா, மாமாகிட்ட சொல்லல. சிரிக்கிற மனுஷன்கிட்ட அதைப் போய் யாருக்குச் சொல்ல வாய் வரும்?

மாமா மறுபடியும் கடைக்குப் போக ஆரம்பிச்சார். தெம்பு வந்துடுச்சுன்னு நாங்களும் பூரிச்சுப்போனோம், மடச்சிங்க! ஒருநாள் கடைக்குள்ள வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார். பக்கத்துல ஒரு டம்ளர். அடியில பச்சையா ஆட்டுப் பித்தம் ஒட்டியிருந்துச்சு. தினமும் குடிச்சிருக்கார், பாவி மனுஷன். அது அவரோட சிறுநீரகத்தைக் கெடுத்துடுச்சு. இந்த நிலைமையில மருந்து ஏத்தவே முடியாதுன்னுட்டார் டாக்டர். உடம்பு தேறி வர்றதுக்குள்ள கட்டி ஈரலுக்குப் பரவிடுச்சு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "குப்பியில நடக்கறது வயித்துல நடக்குமா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு?"ன்னு அக்காவை வறுத்தெடுத்துட்டேன். அவ மாமாவோட துணியைத் துவைச்சுக்கிட்டே இருந்தா. திருப்பித் திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

கடைசி நாள் அக்கா அவருக்கு ஸ்பூன்ல தண்ணி ஊட்டிக்கிட்டிருந்தா. மாமா அவ கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"நான்தான் கெடுத்துட்டேன். கசப்புத் தாங்காம தினமும் பாதியைக் கீழ ஊத்திட்டேன். கொஞ்சமாக் குடிச்சதாலதான் அது சாகலையா?"

அக்கா அவர் பக்கத்துல குனிஞ்சா.

"இல்லங்க. நீங்க நிறையத்தான் குடிச்சீங்க. அது செத்துக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப சரி. நாளைக்குக் கடையைத் திறந்துடலாம்."

"திறந்துடலாங்க"ன்னு சொல்லிட்டு, அக்கா இன்னொரு ஸ்பூன் தண்ணி எடுத்தா. அது அவர் கடைவாய் வழியா வழிஞ்சுடுச்சு.