கிடாவின் உரிமையாளர்

விளாங்குடியில் சோலையம்மாள் வீட்டுக் கிடாவை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்து ஆறு நாளாகிவிட்டது. குடியிருப்புப் பகுதியில் ஆடு மாடு வளர்க்கக் கூடாதாம். மறுநாள் வண்டி வந்து ஏற்றிப் போய்விடும், பிறகு ஏலம்.

அவளால் அதை விற்க முடியாது. வெட்டவும் முடியாது. போன வருஷம் கணவர் சுருளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, அவர் உயிருக்காகக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. திருவிழாவில்தான் வெட்ட வேண்டும். சொந்த ஊரில் கோயில் பங்காளிகள் இரண்டாகப் பிரிந்து வழக்குப் போட்டதில் திருவிழா நின்றுபோனது. கிடாவை அங்கே கொண்டுபோய் ஒரு தரப்பார் வீட்டில் கட்டினால் மற்றத் தரப்பு பகையாகிவிடும்.

மாநகராட்சியிலிருந்து வந்த பாண்டிராஜ் கெட்டவர் அல்ல. முப்பது நாள் அவகாசம் கேட்கும் படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“உரிமையாளர் பேரு?”

“கருப்பசாமி.”

“வீட்டுக்காரரா?”

“சாமிங்க சார். நேந்துவிட்ட பெறகு அது எங்களுது இல்ல.”

“சாமிக்கு ஆதார் இருக்காம்மா? உங்க பேரப் போடுங்க. காகிதத்துக்குத்தான.”

“சாமி கிடாய என்னுதுன்னு எழுதச் சொல்றீக.”

பக்கத்து வீட்டுக் கிளமெண்ட் வாத்தியார் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். புகார் கொடுத்தவர் அவர்தான். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேர்கீழேதான் கிடா கட்டியிருந்தது. புகாரில் பொய்யில்லை.

“நான் கிடாயத்தான் சொன்னேன்க்கா. உங்களச் சொல்லல.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் சார் கட்டிக் கெடக்கோம்.”

தன்னுடையதல்ல என்று ஒன்றை ஒப்படைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் நேர்ந்துவிட்ட அன்று அவள் நினைத்தாள். ஒப்படைத்த பிறகும் தழை ஒடித்துப் போடுவது அவள்தான். புழுக்கை அள்ளுவதும், நோட்டீஸ் வாங்குவதும் அவள்தான்.

சுருளி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். “குடுங்க, நான் போடுறேன்.”

“வேணாம். ஒங்க உசுருக்கு நேந்தது.”

“நாளைக்கு ஏலத்துல எவனோ பிரியாணிக்கு எடுத்துட்டுப் போனா, அப்ப மட்டும் சாமி சும்மா இருக்குமா?”

சுருளி படிவத்தை வாங்கிக்கொண்டார். அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பாண்டிராஜ் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ‘உரிமையாளர்: சுருளி’ என்றிருந்தது.

முப்பது நாளில் வழக்கு முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் ஒருமுறை இருமினாலும் போதும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.