மோந்து பார்க்கச் சொன்னவர்

அவர் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுவார். நீலச் சட்டை, பாதி நரைத்த மீசை, ஷிப்டுக்குப் போகிறவர் என்று சொல்ல முடியாதபடி அவசரமே இல்லாத முகம். பக்கத்தில் உட்கார்ந்ததும் டிபன் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டுவார்.

"மோந்து பாரு நைனா. கெட்டுப்பூட்சா?"

ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. ஒருமுறை ஊசிப்போனதைத் தெரியாமல் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டாராம். அதிலிருந்து பக்கத்து சீட்டுக்காரனின் மூக்குதான் அவருக்கு.

டப்பாவில் எப்போதும் சோறும் முந்தின நாள் நெத்திலிக் குழம்பும்தான்.

"ருசியே தெரியாதப்போ தினம் இதையே எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"இத்த சின்ன வயசுலேந்து துன்னுகினு கீறேன். எப்டி இருக்கும்னு நெனப்பு கீது. அத்த நெனச்சிகினே முழுங்கிடுவேன். புதுசா ஒண்ணு துன்னா எத்த நெனக்கிறது?"

ஒருநாள் குழம்பில் புளித்த வாடை அடித்தது. "வேணாம்ணே" என்றேன். மறுபேச்சில்லாமல் மூடி வைத்தார். என் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். பாஸ்தா.

"இத்த நான் துன்னதே இல்லியே. எப்டி இருக்கும், சொல்லு. அப்டியே நெனச்சிகினு துன்றேன்."

வாரத்தில் மூன்று நாள் எனக்கு அதுதான். முந்தின நாளும் போனைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் சாப்பிட்டேன்.

விம்கோ நகர் போனது. கத்திவாக்கமும் போனது. எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அவர் கையில் ஸ்பூனோடு காத்திருந்தார்.