சாவிக்கு அப்பிய சந்தனம்

கார் சாவிக்குச் சந்தனம் வைத்தது நான்தான். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணைக்கும் அம்மிக்கும் வைத்த கையோடு சாவிக்கும் தண்ணியாகக் கரைத்து, பொத்தான் இடுக்கிலெல்லாம் இறங்கும்படி அப்பினேன். சோறு போடுகிற சாவியாயிற்றே, அதற்குப் போய்க் கஞ்சத்தனம் பார்ப்பார்களா?

என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் ஓர் அரிசி மில் முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மில்லுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஓட்டு வீட்டில்தான் குடியிருந்தோம். ரிமோட் சாவி எங்கள் பக்கம் அப்போதுதான் புதுசு. பொத்தானை அமுக்கினால் கார் ‘கீக்’ என்று கத்தி விளக்கைச் சிமிட்டும். சாவியைக் கொடுக்கும்போதே, இது உன் கையைத் தவிர வேறு கைக்குப் போகக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். முன்னால் இருந்த டிரைவர் தன் மச்சானிடம் ஐந்து நிமிஷம் கொடுத்ததற்கு அன்றைக்கே அனுப்பிவிட்டாராம். எங்களுக்கு வேலை போனால் வீடும் போகும்.

மறுநாள் காலை இவர் குளிக்கப் போயிருந்தார். சாவியைத் துடைத்து வைக்கலாமென்று எடுத்தவள், ஆசைக்கு ஒரு தரம் அமுக்கித் தொலைத்தேன். உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. ஷெட்டில் நின்ற கார் வாயே திறக்கவில்லை. பதினொரு மணிக்கு முதலாளி காஞ்சிபுரம் கிளம்ப வேண்டும். ரிமோட் இல்லாமல் கதவைத் திறந்தால் ஊரே கூடுகிற மாதிரி அலாரம் அலறும்.

தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாயாடுகிறவள் நான். அன்று வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஜாருக்கு ஓடினேன். பூஜைக்கு மறுநாள் என்பதால் கடைகள் மூடிக் கிடந்தன. வாட்ச் ரிப்பேர் பாய் கடை மட்டும் திறந்திருந்தது. பாய் சாவியைப் பிளந்தார். உள்ளே சந்தனம் காய்ந்து ஏரித் தரை போல வெடித்திருந்தது.

“பொட்டு வெச்சா போறாதாம்மா? சாவிக்குத் தலைக்கு ஊத்திக்கீறியே,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துத் தேய்த்தார், புது பேட்டரி போட்டார். காருக்கு எதிரில் போய் அமுக்கினால்தான் தெரியும் என்று கொடுத்துவிட்டார். அவர் கடையில் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டியது. நேரமாகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓடிவந்தேன்.

மில் சுவரை நெருங்கும்போது அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. சாவி எங்கே என்கிறார் முதலாளி. எங்கேயோ விழுந்துவிட்டது என்கிறார் இவர். அப்புறம் முதலாளி ஏதோ சொன்னது என் காதில் ஏறவில்லை. ஐயோ, தொலையவில்லை, இதோ இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை. அமுக்கினேன்.

கார் ‘கீக்’ என்று கத்தியது.

முதலாளி திரும்பினார். சுவர் முடிகிற இடத்தில் கையில் சாவியோடு நான்.

“தொலைஞ்சி போச்சின்னியேப்பா,” என்றார் இவரிடம். சத்தம்கூடப் போடவில்லை. என்னிடம் கையை நீட்டி சாவியை வாங்கிக்கொண்டார். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், எதற்கய்யா பொய் சொன்னாய் என்று இவர்மேல் பாய்ந்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“நீ சாவிய எடுத்துக்கினு ஓடுனத பாத்தேன். உன் கைல கீதுன்னா வேலை பூடும். தொலைஞ்சிதுன்னா தேடச் சொல்லுவாரு. அதே மாதிரி, தேடி வைன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பினாரு,” என்றார். “அப்பதான் நீ அமுக்கின.”